ஐம்பத்தொரு நிமிடத் தொழுகை

செவ்வாய்க்கிழமை. பகல் 2:05.

கரீம் பாய் முசல்லாவின் மேல் குப்புறக் கிடந்தார். நெற்றி அந்தத் தொழுகைப் பாயில் பதிந்திருந்தது. உள்ளங்கைகள் தலைக்கு இரண்டு பக்கமும் விரிந்திருந்தன. கால்கள் மட்டும் பின்னால் நீண்டு கிடந்தன. சஜ்தாவில் தலையைத் தாழ்த்தியவர் அப்படியே போய்விட்டார் என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வாசலில் நின்ற ஒரு பெரியவர், "இந்த மாதிரி மவுத்து யாருக்குக் கெடைக்கும்?" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளருக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. கள்ளக்குறிச்சி காவல் நிலையத்துக்குப் போன் போட்டவர் அவர்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் செலினா கூடத்துக்குள் காலை வைத்ததும் மூலையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "வணக்கம். உங்களை எனக்குத் தெரியவில்லை. முஹ்சினாவிடம் சொல்கிறேன்." அடுத்த நொடி, சுவரோரம் சுருண்டு உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் செல்போன் கிணுகிணுத்தது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முஹ்சினா, கரீம் பாயின் ஒரே மகள், பக்கத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

குரல் கொடுத்தது ஒரு ரோபோ. இடுப்பு உயரம், அடியில் சக்கரம், ஒற்றைக் கண், மாத்திரைத் தட்டைப் பிடித்த ஒரே கை. தனியாக இருக்கும் முதியவர்களுக்குத் துணை என்று கம்பெனிக்காரன் விற்பது. சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லும் என்பதால் கரீம் பாய் அதற்குக் கிளி என்று பெயர் வைத்திருந்தார். நைனார்பாளையத்தில் தனியாக இருக்கும் தன் அப்பா சின்னப்பனுக்கு இப்படி ஒன்று வாங்கலாமா என்று செலினாவும் இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தாள். காலடியில் வீட்டுக்காரர் செத்துக் கிடக்க, அது பாட்டுக்கு வணக்கம் சொல்வதைக் கேட்டதும் அந்த யோசனையை அங்கேயே நிறுத்திவிட்டாள்.

குனிந்து பார்த்தாள். பின்மண்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். சட்டையின் முதுகுப்பக்கம் ஈரம். முசல்லா நன்றாக உலர்ந்திருந்தது.

"முன்னால குனியறவருக்குப் பின்மண்டையில எப்படிண்ணே அடிபடும்?"

ஏட்டு கொளஞ்சியப்பன் இருபத்தாறு வருஷ சர்வீஸ்காரர். எந்தக் கேள்விக்கும் பதில் கையிருப்பில் வைத்திருப்பார். "பின்னாடி தொட்டியாண்ட பாத்துட்டுதான் வரேன் மேடம். ஒரே பாசி. தொட்டி விளிம்புல ரத்தக்கறை இருக்குது. தொழறதுக்கு முன்னால கை கால் அலம்பப் போயிருப்பாரு, மல்லாக்க வழுக்கிட்டு இருப்பாரு. எழுந்து வந்து தொழுதுகினு இருக்கறப்ப உசிரு போயிருக்கும்."

சொன்னதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை. மேற்குப் பார்த்த ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அலமாரியில் கால்வராயன் மலைத் தேன் பாட்டில்கள் நாலு, சுவரில் பள்ளிவாசல் காலண்டர். எதுவும் கலையவில்லை. எதுவும் திருடு போகவில்லை.

பகல் 2:40.

"உங்க அத்தாகிட்ட கடைசியா எப்ப பேசினீங்க?"

"காலைல எட்டரைக்கு. ஸ்கூலுக்குக் கெளம்பறப்போ."

"உடம்புக்கு ஏதாவது?"

"சுகர் இருக்குது. போன வாரத்துக்கு முன்ன வாரம் வெள்ளிமலைக்கு வியாபாரத்துக்குக் கடுக்காய் பாக்கப் போனாரு. கிடங்குப் படியில சறுக்கிட்டாரு. அதுலேர்ந்து கொஞ்சம் நொண்டிக்கினுதான் இருந்தாரு."

"பாத்தீங்களா?" என்பது போல் கொளஞ்சியப்பன் செலினாவைப் பார்த்தார். வழுக்கி விழுகிற கால்தான்.

"வூட்ல வேற யாரு?"

"பாக்கியம்மா சமைச்சு வெச்சுட்டு பன்னெண்டு மணிக்குப் போயிடுவாங்க. அப்புறம் நான் ஒன்றரைக்குச் சாப்பிட வர்ற வரைக்கும் அத்தாவும் கிளியும்தான்." முஹ்சினா முதல் தடவையாக ரோபோவைப் பார்த்தாள். "போன வருஷம் சுகர் கொறஞ்சு விழுந்தாரு. அன்னிக்கு இதுதான் மேடம் எனக்கும் ஆம்புலன்ஸுக்கும் போன் பண்ணிக் காப்பாத்துச்சு. இன்னிக்கு இன்னா ஆச்சுன்னு தெரியல."

அவள் செல்போனில் கிளி எழுதி வைக்கும் குறிப்பு இருந்தது. செலினா வாங்கிப் படித்தாள்.

*12:10. கரீம் பாய் நாற்காலியில் இருக்கிறார்.*
*12:33. பின்கட்டுக்குப் போனார்.*
*12:41. தொழுகை.*
*1:32. அழுகைச் சத்தம். உதவி வேண்டுமா என்று கேட்டேன்.*

ஐம்பத்தொரு நிமிடம். விழுந்து கிடந்தவரை அது தொழுகிறார் என்றே எழுதிவைத்திருந்தது.

மாலை 4:15.

ரோபோவை விற்றவன் உமைர். கரீம் பாயின் தம்பி மகன், முப்பது வயது, தகப்பன் இல்லாத பிள்ளை. பெரியத்தா வளர்த்த ஆள். கம்பெனிப் பயிற்சிக்காகக் கோயம்புத்தூரில் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு அன்றைக்குத்தான் ஊர் திரும்பியிருந்தான். சின்னசேலத்தில் ரயிலை விட்டு இறங்கி, ஒரு சிநேகிதன் கடையில் பேசிக்கொண்டிருந்தபோது முஹ்சினா போன் செய்ததாகவும், விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்ததாகவும் சொன்னான். கண் சிவந்திருந்தது. அந்த அழுகையில் பொய் இருப்பதாகச் செலினாவுக்குத் தோன்றவில்லை.

"இது வீடியோ எடுத்து வைக்காதா?"

"வைக்காது மேடம். பாக்கும், இன்னான்னு முடிவு பண்ணும், அந்த முடிவை மட்டும் எழுதும். வூட்டு ஆளுங்களோட மானம் இருக்குது இல்லைங்களா? வெளி ஆளு வந்தாதான் சொல்லும். முஹ்சினா, பாக்கியம்மா, நான், இந்த மூணு பேரு வரது போறது எழுத வேணாம்னு பெரியத்தாவே சொல்லிட்டாரு. வேவு பாக்கற மாதிரி இருக்குதாம்."

"பின்கட்டுல விழுந்திருந்தா?"

"படி இறங்காது. ஆனா பதினஞ்சு நிமிஷம் ஆளு கண்ணுல படலைன்னா போன் பண்ணிடும்."

"அப்ப இன்னிக்கு ஏன் சும்மா இருந்துச்சு?"

உமைர் தயங்கினான். பதில் முஹ்சினாவிடமிருந்து வந்தது. "நான்தான் காரணம். வாங்கின புதுசுல அத்தா சஜ்தாவுக்குப் போறப்பல்லாம் விழுந்துட்டாருன்னு எனக்குப் போன் பண்ணிடும். கிளாஸ்ல பாடம் நடத்திக்கினு இருப்பேன், அடிச்சுப் புடிச்சுக்கினு ஓடியாருவேன். அத்தா தொழுதுகினு இருப்பாரு. ஏதாச்சும் பண்ணுன்னு உமைரைக் கெஞ்சினேன்."

"இன்னா பண்ணீங்க?"

"பாயைக் காட்டிக் குடுத்தேன் மேடம்," என்றான் உமைர். "முசல்லா மேல இருந்தா தொழுகைன்னு எடுத்துக்கும். பெரியத்தா அல்லா பேரைச் சொல்லி திக்ரு ஓதிக்கினு ரொம்ப நேரம் உக்காருவாரு, அதனால நேரக் கணக்கும் எடுத்துட்டேன். அவரு வாலிபப் புள்ளைங்க மாதிரி மேடம். எழுபத்தோரு வயசுலயும் அஞ்சு வேளையும் நின்னு, குனிஞ்சு, மண்டியிட்டுத் தொழுவாரு. இப்படி ஆவும்னு யாரு கண்டா? நம்ம ஊர்லயே பன்னெண்டு வூட்ல இதை வாங்கியிருக்காங்க, எல்லாம் பெரியத்தா சொன்ன ஒரு வார்த்தைக்காக."

"இந்தப் பாய் சங்கதி யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கு, முஹ்சினாவுக்கு, பெரியத்தாவுக்கு."

மாலை 6:30.

அரசு மருத்துவமனையில் டாக்டர் கவியரசன் கையுறையைக் கழற்றியபடியே பேசினார். "மண்டைக்குள்ள ரத்தக்கசிவு. அடிபட்டு அரை மணி, முக்கால் மணி உயிர் இருந்திருக்கு. அடிபட்டவர் எழுந்து நாலு எட்டு நடந்து வர்றதும் உண்டு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்த வூட்லேர்ந்து இங்க பத்து நிமிஷம். உடனே கொண்டாந்திருந்தா பொழைக்க வெச்சிருக்கலாம்மா."

வெளியே பெஞ்சில் முஹ்சினா உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எழுதிக்குங்க மேடம்," என்றாள். குரலில் ஈரமே இல்லை. "நான்தான் கொன்னேன். அஞ்சு வேளை ஓடியார்றது எனக்குப் பெரிய தொந்தரவா இருந்துச்சு. அதோட வாயை அடைச்சேன். அம்பத்தோரு நிமிஷம் அத்தா அது கண்ணு முன்னாடி கெடந்து செத்தாரு. எந்தச் சட்டத்துல போடணுமோ போடுங்க."

செலினாவுக்கு அவள் பக்கத்தில் உட்காரத்தான் முடிந்தது. இதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது. ஆனால் இந்தப் பெண் இப்படியே வீட்டுக்குப் போனால் ஆயுசு முழுக்கத் தன்னைத் தானே தண்டித்துக்கொள்வாள், அதற்கு ஜாமீனும் கிடையாது. அன்று விபத்து என்று எழுதி முடித்திருக்க வேண்டிய வழக்கைச் செலினா எழுதாமல் வைத்ததற்கு அதுதான் காரணம். "அந்தக் குறிப்பை முழுசா எனக்கு அனுப்புங்க," என்று மட்டும் கேட்டாள்.

புதன்கிழமை. காலை 9:20.

நிலையத்தில் உட்கார்ந்து, கிளி எழுதிய குறிப்பைப் பின்னாலிருந்து முன்னாலாகப் படித்துக்கொண்டு வந்தாள். கொளஞ்சியப்பன் டீயை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

"செத்த அன்னிக்கு எழுதினதைத்தான் பாத்தாச்சே மேடம்."

"எல்லாரும் அதைத்தான்ணே பாத்தோம். இதைப் பாருங்க. மூணு வாரத்துக்கு முன்னாடி தெனம் அஞ்சு தொழுகை எழுதியிருக்குது. அப்புறம் ஒரு நாள்லேர்ந்து ஒண்ணுமே இல்ல. ஒன்பது நாளா அந்த வூட்ல தொழுகையே இல்லைங்குது கிளி."

"ஒரு வேளைகூட வுடாதவருன்னு ஊரே சொல்லுதே?"

"நடுவுல ஒண்ணே ஒண்ணு இருக்குது. போன வியாழக்கிழமை காலைல பதினொண்ணேகாலுக்கு, முப்பத்திநாலு நிமிஷம். அது தொழற நேரமான்னு பள்ளிவாசல்ல கேட்டேன். கடமையான தொழுகை எதுவும் அந்த நேரத்துல கெடையாதாம். அவரோட போன்ல பாத்தா, அன்னிக்குச் சாயந்தரமும் திங்கக்கிழமையும் உமைருக்குப் பேசியிருக்காரு."

கொளஞ்சியப்பன் குறிப்பைத் தன் பக்கம் இழுத்து மறுபடி படித்தார். செலினா பாதி டீயோடு எழுந்துவிட்டாள்.

காலை 10:45.

சமையல்காரப் பாக்கியம் நைனார்பாளையத்தில் தன் வீட்டு வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். போலீஸ் வண்டியைப் பார்த்ததும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"போன வியாழக்கிழமை பதினோரு மணிக்கு பாய் இன்னா பண்ணாரு?"

"அன்னிக்கா?" பாக்கியம் யோசித்தாள். "முசல்லாவைத் தரையில விரிச்சு அது மேல படுத்துக்கினு இருந்தாரு மேடம். நான் பயந்து கத்தப் பாத்தேன். உதட்டு மேல விரலை வெச்சு, 'கத்தாத பாக்கியம், கிளிக்குப் பரீட்சை வெச்சிருக்கேன்'னாரு. அரை மணிக்கு மேல அசையாம கெடந்தாரு. அது ஒண்ணுமே பேசல."

"அப்புறம்?"

"அப்புறம் எங்க எழுந்திருக்கறது! முட்டி வீங்கிக் கெடக்குது, மடக்கவே வரல. நானும் பக்கத்து வூட்டு அம்மாவும் ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கி நிறுத்தினோம். அன்னிக்குப் பூரா அவரு சரியா சாப்பிடல. 'தப்புப் பண்ணிட்டேன் பாக்கியம், பன்னெண்டு வூட்டுக்கு வாக்குக் குடுத்துட்டேனே'ன்னு சொல்லிக்கினே இருந்தாரு. எனக்குப் புரியல."

செலினாவுக்குப் புரிந்தது. புரிந்ததில் சந்தோஷம் கொஞ்சமும் இல்லை.

மாலை 5:00.

மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு கரீம் பாயை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். கூடத்தில் முஹ்சினா, பாக்கியம், உமைர் மூன்று பேர்தான். முசல்லா மடித்தபடி அலமாரியில் இருந்தது. கொளஞ்சியப்பன் வாசலோரம் நின்றார். செலினா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்வி. போன வாரம் பூரா பாய் எங்க, எப்படித் தொழுதாரு? வாயால சொல்ல வேணாம், காட்டுங்க. உமைர், நீங்க மொதல்ல."

உமைர் எழுந்துபோய் முசல்லாவை எடுத்தான். மேற்கே பார்த்து, சுருக்கம் இல்லாமல் விரித்தான். ஓரத்தைக் கையால் நீவியும் விட்டான்.

"பாக்கியம்மா?"

பாக்கியம் நகரவில்லை. ஜன்னலோரத்து நாற்காலியைக் கையால் காட்டினாள்.

"முஹ்சினா?"

முஹ்சினா எழுந்துபோய் அதே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இதுலதான். வெள்ளிமலையில விழுந்ததுலேர்ந்து உக்காந்துதான் தொழுதாரு. தரையில நெத்தி படலையேன்னு பொலம்புவாரு. நேத்து எப்படியாச்சும் இறங்கித் தொழுதுடணும்னு நெனச்சிருப்பாரு, அதுவாச்சும் அவருக்குக் கெடைச்சுதேன்னு நான்..."

உமைரின் கை பாயின் மேலேயே நின்றுவிட்டது.

"ஒன்பது நாளா கிளி தொழுகைன்னு எழுதவே இல்ல," என்றாள் செலினா. "அவரு தொழாம இல்ல. நாற்காலியில தொழுதா அதுக்குத் தொழுகைன்னு தெரியாது, பாய் இருந்தாதான் தெரியும். ரெண்டு பேரு தூக்கினாதான் எழுந்திருக்கற மனுஷன், மண்டையில அடியோட வந்து, தானே பாயை விரிச்சு, மடங்காத முட்டியை மடக்கித் தொழுதிருக்க முடியாது. வேற ஒருத்தர் பாயை விரிச்சு அவரை அது மேல படுக்க வெச்சிருக்காங்க. வெளி ஆளு வந்திருந்தா முஹ்சினாவோட போன் அடிச்சிருக்கும். முஹ்சினா அந்த நேரம் நாப்பது புள்ளைங்க முன்னாடி போர்டுல எழுதிக்கினு இருந்தாங்க. பாக்கியம்மாவுக்கு நாற்காலி சங்கதி தெரியும், அந்தப் பாயை அவங்க விரிச்சிருக்க மாட்டாங்க. நாற்காலி சங்கதி தெரியாத, ஆனா பாய் ரகசியம் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்தான். பன்னெண்டு நாளா ஊர்ல இல்லாதவரு. நேத்து என்னாண்ட வந்து, மண்டியிட்டுத் தொழற மனுஷன்னு பெருமையா சொன்னவரு."

உமைர் பாயின் மேலிருந்த கையை எடுத்தான்.

"நேத்து பன்னெண்டே காலுக்கு உங்களைப் பஸ் ஸ்டாண்டுலேர்ந்து இந்தத் தெருமுனைக்குக் கொண்டாந்து வுட்டதா ஆட்டோக்கார ராசு சொல்றாரு. ஏட்டு இப்பதான் எழுதி வாங்கினாரு. பெரியத்தா போன்ல இன்னா சொன்னாரு உமைர்?"

"பன்னெண்டு வூட்டு ரோபோவுக்கும் இதே மாதிரிதான் பாயைக் காட்டிக் குடுத்திருந்தேன். அங்கல்லாம் போயி சொல்லச் சொன்னாரு." அவன் பாயைப் பார்த்துக்கொண்டே பேசினான். "இது சரியில்லை, நம்பாதீங்கன்னு சொல்லிட்டு திரும்ப எடுத்துக்கோன்னாரு. நீ சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை ஜும்மாவுல நானே எழுந்து சொல்லிடுவேன்னாரு. கம்பெனி அப்பதான் என்னை மூணு மாவட்டத்துக்கு ஆளாப் போட்டிருந்துச்சு. சரி பண்ணிடறேன், டைம் குடுங்கன்னேன். 'அதுவரைக்கும் எவனாச்சும் செத்தா?'ன்னாரு. தொட்டியாண்ட வழியை மறிச்சு நின்னேன், தள்ளிக்கினு போகப் பாத்தாரு, நானும் தள்ளிட்டேன். கொல்லணும்னு இல்ல மேடம். அல்லா மேல ஆணையா இல்ல. செத்துட்டாருன்னு நெனச்சேன்."

"செத்தவரை எதுக்குத் தூக்கியாந்து பாயில போடணும்? செத்தவருக்கு ஆம்புலன்ஸ் வந்தா இன்னா, வராட்டி இன்னா? மூச்சு இருந்துச்சு. பின்கட்டுல வுட்டா பதினஞ்சு நிமிஷத்துல கிளி கூப்பிடும். பொழைச்சு எழுந்து வாயைத் திறப்பாரு. அதனால அது சும்மா இருக்கற எடமா பாத்துப் படுக்க வெச்சீங்க. தள்ளினது கோவம், அதை நான் நம்பறேன். ஆனா அவரைக் கொன்னது அந்தத் தள்ளு இல்ல. பாயைச் சுருக்கம் இல்லாம விரிச்சீங்க பாருங்க, அதுதான்."

உமைர் தரையில் அப்படியே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டு அழுதான். வளர்த்த கையை நினைத்து அழுதானோ, போன வேலையை நினைத்து அழுதானோ, தெரியாது. கொளஞ்சியப்பன் அவன் தோளைத் தொட்டு எழுப்பினார். மூலையில் இருந்த ரோபோ மெல்ல முன்னால் நகர்ந்து வந்தது. "உமைர் பாய், உதவி வேண்டுமா?" என்று கேட்டது.

ஜீப் கிளம்பிப் போன பிறகு முஹ்சினா கேட்டாள். "நான் அதுக்குப் பாயைச் சொல்லிக் குடுக்கச் சொல்லலைன்னா அத்தா இருந்திருப்பாரு, இல்லைங்களா?"

பொய் சொல்லிவிடலாம் என்று செலினாவுக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தப் பொய்யைக் கணக்கு டீச்சர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள்.

"இருந்திருக்கலாம். ஆனா நீங்க அது வாயை அடைச்சது ஓடி ஓடி வந்து களைச்சுப் போயி. உமைர் அடைச்சது சாவட்டும்னு. ரெண்டும் ஒண்ணு இல்ல முஹ்சினா."

முஹ்சினா துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். "வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது மேடம். ரெண்டு நாள் இருக்குது."

மாலை 6:05.

முதல் வீடு இரண்டு தெரு தள்ளி, ருக்ஷானா பீவியுடையது. எழுபது வயது, பிள்ளைகள் துபாயில். முஹ்சினாவைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்துத் தன் ரோபோவின் தலையைத் தட்டிக் கொடுத்தார். "அத்தா மாதிரி ஆவுமோன்னு பயந்துடாதம்மா. எனக்குத்தான் இது இருக்குதே. உங்க அத்தா சொல்லித்தானே வாங்கினேன்."

முஹ்சினா கொடியில் கிடந்த முசல்லாவை எடுத்துத் தரையில் விரித்தாள். ரோபோவின் கண்ணுக்கு நேராக அதன் மேல் குப்புறப் படுத்து, கையைத் தளர்த்திப் போட்டாள். ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. ரோபோ அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது.

"இன்னாம்மா இது?" ருக்ஷானா பீவி ரோபோவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கூப்பிடவே மாட்டேங்குதே?"

முஹ்சினாவின் முதுகு குலுங்கியது. முகம் பாயில் புதைந்திருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை. செலினா அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் அழுது தீர்க்கட்டும் என்று தோளில் கையை வைத்தபடி காத்திருந்தாள்.

"எழுந்திருங்க முஹ்சினா. இன்னும் பதினோரு வூடு இருக்குது."